டி ஆன்சாவில் இரண்டு ஆண்டு, பிறகு யூசி: அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில், சன்னிவேலில் இருக்கிறோம். கிரீன் கார்டு வந்து மூன்று ஆண்டாகிறது. போன அக்டோபரில் என் கணவருக்கு வேலை போய்விட்டது. நான் ஒரு பள்ளியில் பகுதி நேரமாக வேலை பார்க்கிறேன். பையன் பன்னிரண்டாம் வகுப்பு. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்க வேண்டும் என்று ஆசை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் (யூசி) வளாகங்களில் பெர்க்லி, சான் டியேகோ, டேவிஸ் மூன்றிலும் இடம் இல்லை. யூசி ரிவர்சைடு கிடைத்திருக்கிறது. வெளி மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்று உதவித்தொகை போக ஆண்டுக்கு 46,000 டாலர் கேட்கிறது. "ரெண்டு வருஷம் டி ஆன்சா போறேன், அப்புறம் டேவிஸுக்கோ பெர்க்லிக்கோ மாறிக்கிறேன்" என்கிறான் அவன். டி ஆன்சா பக்கத்தில் இருக்கும் கம்யூனிட்டி காலேஜ், அதாவது முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களை நடத்தும் அரசுக் கல்லூரி. என் கணவருக்கு இதில் மனசே இல்லை. "படிக்காத பசங்க போற இடம்" என்கிறார். ஈரோட்டில் இருக்கும் மாமனார் போன் செய்யும்போதெல்லாம் "எந்த காலேஜ் முடிவாச்சு?" என்று கேட்கிறார். கடன் வாங்கியாவது வெளி மாநிலத்துக்கு அனுப்புவதா, இவன் சொல்வதைக் கேட்பதா? மே 1க்குள் முடிவு செய்ய வேண்டும்.

பதில்:

அன்புச் சகோதரி,

முதலில் வெளி மாநிலக் கல்லூரியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் எனக்குத் தயக்கமே இல்லை. வேண்டாம். வேலை இல்லாத வீட்டில் ஆண்டுக்கு 46,000 டாலர் என்றால் நான்கு ஆண்டில் 1,84,000. இளநிலை மாணவர் தன் பெயரில் வாங்கக்கூடிய அரசுக் கடன் முதலாண்டில் 5,500 டாலர்தான். மீதி பெற்றோர் பெயரில் வாங்கும் பேரண்ட் பிளஸ் கடனாகவோ, வங்கியின் தனியார் கடனாகவோதான் வரும். பேரண்ட் பிளஸுக்கும் 2026 ஜூலை முதல் புதிதாக வாங்குவோருக்கு வரம்பு வந்துவிட்டது: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தத்தில் 65,000 டாலர். அதற்கு மேல் வேண்டுமென்றால் வீட்டின் மீதோ ஓய்வுக்காலச் சேமிப்பின் மீதோதான் கை வைக்க வேண்டும். ரிவர்சைடிலோ டேவிஸிலோ கிடைக்காத எதையும் மெக்கானிக்கல் பட்டப்படிப்பில் அந்தப் பணம் வாங்கித் தராது.

ஆக, கேள்வி ரிவர்சைடா, டி ஆன்சாவா என்பதுதான். இங்கே நான் கொஞ்சம் நின்று பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் ரிவர்சைடு எவ்வளவு கேட்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்து முழு விலை 40,000 டாலரைத் தொட்டிருக்கும், அதைப் பார்த்ததுமே ஒதுக்கிவிட்டீர்களோ என்று நினைக்கிறேன். ஆனால் அந்தத் தொகை எந்த வருமானத்தை வைத்துப் போட்டது தெரியுமா? ஃபாஃப்சா என்ற அரசின் நிதியுதவி விண்ணப்பம் இரண்டு ஆண்டுக்கு முந்தைய வரிக்கணக்கைத்தான் எடுத்துக்கொள்ளும். அப்போது உங்கள் கணவர் முழுச் சம்பளத்தில் இருந்தார். இப்போதைய நிலைமை அந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

ரிவர்சைடின் நிதியுதவி அலுவலகத்தை நாளைக்கே கூப்பிடுங்கள். "வேலை போய்விட்டது, சூழ்நிலை மாறிவிட்டது, மறுபரிசீலனை செய்யுங்கள்" என்று கேளுங்கள். இது கெஞ்சல் இல்லை. இப்படிக் கேட்பவர்களின் கணக்கைத் தனியாகப் பார்த்துத் திருத்தும் அதிகாரத்தைச் சட்டமே அந்த அலுவலகத்துக்குக் கொடுத்திருக்கிறது. பணிநீக்கக் கடிதம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையில்லாதோர் உதவித்தொகை வருவதற்கான தாள், இந்த ஆண்டு வரக்கூடிய வருமானத்தின் மதிப்பீடு ஆகியவற்றைக் கேட்பார்கள். நம்மவர்களில் பலர் இதைச் செய்வதே இல்லை. வேலை போனதை நான்கு பேருக்குச் சொல்வதே அவமானம் என்று வாயை மூடிக்கொண்டு, முழு விலையைக் கட்டுகிறார்கள். திருத்திய கணக்கில், திருப்பிக் கட்ட வேண்டாத அரசு உதவியான பெல் கிரான்ட்டோ, யூசியின் கல்விக்கட்டணத்தை ஈடுகட்டும் உதவியோ கிடைத்தால், ரிவர்சைடே உங்கள் கைக்கு அடக்கமாகிவிடலாம். அது நல்ல பல்கலைக்கழகம். அப்படி அமைந்தால் டி ஆன்சாவுக்குப் போக வேண்டிய கட்டாயம் இல்லை.

திருத்தியும் கட்டுப்படியாகவில்லை என்றால், அல்லது பையனுக்கே டி ஆன்சாதான் மனசில் இருக்கிறது என்றால், அடுத்து வருவது உங்களுக்கானது.

கலிஃபோர்னியாவில் இந்த வழி ஏதோ ஓரமாகத் திறந்து வைத்த பின்வாசல் கிடையாது. 1960இல் மாநிலம் வகுத்த உயர்கல்விப் பெருந்திட்டமே இப்படித்தான்: கம்யூனிட்டி காலேஜில் எல்லோருக்கும் இடம், அங்கே நன்றாகப் படிப்பவர்களுக்கு மூன்றாம் ஆண்டில் யூசியிலோ கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களிலோ இடம். முதலாண்டில் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டில் ஒருவர் மாறி வந்து சேர வேண்டும் என்பது யூசி வைத்திருக்கும் இலக்கு. அப்படி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருபவர்கள், அவர்களுக்குத்தான் முன்னுரிமையும். கடைசியில் கையில் வாங்கும் பட்டம் பெர்க்லியுடையது என்றால் பெர்க்லியுடையதுதான். மாறி வந்தவர் என்று அதில் எங்கும் அச்சடிக்க மாட்டார்கள். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வோஸ்னியாக் டி ஆன்சாவில் படித்துவிட்டு பெர்க்லிக்குப் போனவர். விண்வெளி ஓடத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் தொடங்கி சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டம் வாங்கினார்.

மாமனாருக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டீர்களானால், அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒன்று ஊரிலேயே இருக்கிறது. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டு சேர்கிறார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி, இங்கே நேராக மூன்றாம் ஆண்டு என்று சொல்லுங்கள். அப்படிச் சேர்ந்து படித்தவர்கள் எப்படித் தேறி வருகிறார்கள் என்பதை ஈரோட்டில் அவரே பார்த்திருப்பார்.

பணக் கணக்கு. மாநிலவாசிகளுக்கு டி ஆன்சாவில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாட அளவுக்கு, 31 டாலர். அது காலாண்டு முறையில் நடக்கும் கல்லூரி. செமஸ்டர் முறையில் நடக்கும் மற்ற கம்யூனிட்டி காலேஜ்களில் யூனிட்டுக்கு 46 டாலர், ஒரு செமஸ்டர் யூனிட் ஒன்றரை காலாண்டு யூனிட்டுக்குச் சமம் என்பதால் கூட்டிப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். மாறுவதற்கு வேண்டிய 90 காலாண்டு யூனிட்டுக்கு 2,790 டாலர், அதுவும் இரண்டு ஆண்டுக்குச் சேர்த்து. பொறியியலுக்கு 90ஐ விடக் கூடுதலாகவே எடுக்க வேண்டி வரும், சில்லறைக் கட்டணங்களும் புத்தகச் செலவும் உண்டு. அப்படியும் யூசியின் ஒரு காலாண்டுக் கல்விக்கட்டணத்தை ஒட்டித்தான் நிற்கும். முதல்முறையாகக் கல்லூரி சேர்ந்து முழுநேரமாக, அதாவது காலாண்டுக்கு 12 யூனிட்டுக்குக் குறையாமல் படிப்பவர்களுக்கு இந்த 31 டாலரையும் இரண்டு ஆண்டு தள்ளுபடி செய்யும் பிராமிஸ் திட்டம் இருக்கிறது. அதற்கும் ஃபாஃப்சா போட்டிருக்க வேண்டும். உங்கள் நிலைமையில் பெல் கிரான்ட் கிடைத்தால் அது புத்தகத்துக்கும் பஸ்ஸுக்கும் கூட உதவும். மார்ச் 2 தேதியைத் தவறவிட்டவர்களுக்கு, கம்யூனிட்டி காலேஜ் மாணவர் என்றால் மாநில அரசின் உதவித்தொகையான கால் கிரான்ட்டுக்கு செப்டம்பர் 2 வரை இன்னொரு வாய்ப்பும் உண்டு.

இவ்வளவும் நல்ல செய்தி. இனி நான் சொல்லப்போவதைப் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

மாறிப் போகும் எண்ணத்தோடு கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் நான்கு ஆண்டுக்குள் உண்மையிலேயே மாறிப் போனவர்கள் ஐந்தில் ஒருவர்தான். 2024இல் மாநிலத் தணிக்கைத் துறை வெளியிட்ட அறிக்கை சொல்லும் கணக்கு இது. உங்கள் கணவருடைய பயத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் படிக்காத பிள்ளைகள் போகிறார்கள் என்பதல்ல. நிறையப் பேர் வேலை பார்த்துக்கொண்டே ஒன்றிரண்டு பாடம் எடுப்பவர்கள். குடும்பத்தைத் தாங்குபவர்கள் பலர். இன்னும் பலர் நேரமும் புத்தியும் இருந்தும், எந்தப் பாடத்தை எந்த வரிசையில் எடுக்க வேண்டும் என்று தெரியாமல் ஒரு வருஷத்தைத் தொலைத்தவர்கள். இந்த மூன்றாவது கூட்டத்தைத்தான் நான் என் மேஜைக்கு எதிரில் அதிகம் பார்க்கிறேன். நல்ல மதிப்பெண்ணோடு வருவார்கள். டிரான்ஸ்கிரிப்ட்டைப் பார்த்தால் உளவியல், சினிமா ரசனை, வரலாறு எல்லாவற்றிலும் ஏ இருக்கும், இயற்பியலின் முதல் பாடம்கூட இருக்காது. பொறியியலுக்கு அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

ஏன் முடியாது என்று சொல்கிறேன். யூசிக்கு விண்ணப்பிப்பது இரண்டாம் ஆண்டின் நவம்பர் இறுதிக்குள். டி ஆன்சாவில் இலையுதிர்காலக் காலாண்டு செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். அப்படியானால் விண்ணப்பம் போடும் நாளில் உங்கள் மகன் கையில் இருப்பது முதலாண்டின் மூன்று காலாண்டு மதிப்பெண்களும், இடையில் வந்த கோடைக்காலப் பாடங்களும் மட்டுமே. இலையுதிர்கால மதிப்பெண்ணை ஜனவரியில் சேர்க்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். எல்லோரும் இரண்டு வருஷ வழி என்கிறார்கள். சேர்க்கை அலுவலகத்தின் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய ஒரு வருஷம். முதலாண்டில் சுதாரித்துக்கொண்டு இரண்டாம் ஆண்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று பள்ளிப் பிள்ளைகள் நினைப்பது போல இங்கே நினைத்தால் முடிந்தது.

மெக்கானிக்கலுக்குப் பாடங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிப் போகும். கால்குலஸ் டி ஆன்சாவில் நான்கு காலாண்டு. அதன்பின் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ், லீனியர் அல்ஜீப்ரா. இயற்பியலின் மெக்கானிக்ஸுக்குள் நுழைய கால்குலஸ் வேண்டும், மெக்கானிக்ஸ் முடித்தால்தான் மின்சாரமும் காந்தமும். வேதியியல், புரோகிராமிங், ஸ்டாட்டிக்ஸ் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு கண்ணி விட்டால் சங்கிலி முழுக்க ஒரு காலாண்டு தள்ளிப்போகும். பொறியியல் பாடங்கள் எல்லாக் காலாண்டிலும் நடக்காது என்பதால் சில நேரம் ஒரு ஆண்டே தள்ளிப்போகும். அதனால்தான் பொறியியல் மாணவர்களிடம் பொதுப்பாடங்களை முதலில் முடிக்காதே என்று சொல்கிறேன். கால்-கெட்சி என்ற பொதுப்பாடத் தொகுப்பை முழுதாக முடித்துவிட்டுப் போனால் நல்லது என்று நண்பர்கள் சொல்வார்கள். அரசியல் அறிவியலுக்கோ ஆங்கிலத்துக்கோ அது சரி. பொறியியலுக்குத் துறைப்பாடங்களே முதலிடம். ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு மட்டும் தவறக் கூடாது, ஏனென்றால் யூசி யாராக இருந்தாலும் அதைக் கேட்கும்.

இதையெல்லாம் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அசிஸ்ட் என்று மாநிலத்தின் அதிகாரப்பூர்வ இணையதளம் ஒன்று இருக்கிறது, இலவசம். இந்த வாரக் கடைசியில் பையனோடு உட்கார்ந்து திறங்கள். எந்தக் கல்லூரியிலிருந்து என்ற இடத்தில் டி ஆன்சா, எங்கே என்ற இடத்தில் யூசி டேவிஸ், துறை மெக்கானிக்கல். இரண்டு பத்தியாக ஒரு பட்டியல் வரும். இடப்பக்கம் டேவிஸ் கேட்கும் பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான டி ஆன்சா பாடம். சில வரிகளில் வலப்பக்கம், ஈடான பாடம் எதுவும் இல்லை என்று வந்து நிற்கும். அந்த வரிகளைக் குறித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தப் பாடம் பக்கத்து கம்யூனிட்டி காலேஜ்களான ஃபுட்ஹில்லிலோ மிஷனிலோ இருக்கிறதா என்று பார்க்கலாம். ஒரே மாணவர் இரண்டு கல்லூரியில் பாடம் எடுப்பது இங்கே சாதாரணம், டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருப்பவை. பிறகு இதே பட்டியலை பெர்க்லிக்கும் யூசியின் இன்னொரு வளாகமான இர்வைனுக்கும் சான் ஹோசே ஸ்டேட்டுக்கும் எடுத்து நான்கையும் மேஜையில் பரப்புங்கள். நான்கிலும் பொதுவாக வரும் பாடங்கள்தான் முதலாண்டு. ஒன்றில் மட்டும் வருவது இரண்டாம் ஆண்டில். ஒரு சாயங்கால வேலைதான் இது, ஆனால் பையனுடைய இரண்டு வருஷம் இதில்தான் தீர்மானமாகிறது.

ஒரு நுணுக்கத்தையும் கவனியுங்கள். இயற்பியல் போன்ற தொடர்பாடங்களைப் பாதி ஒரு கல்லூரியிலும் பாதி இன்னொன்றிலும் எடுக்க வேண்டாம். காலாண்டுக் கல்லூரியும் செமஸ்டர் கல்லூரியும் ஒரே பாடத்தை வேறு வேறு இடத்தில் வெட்டுகின்றன. நடுவில் மாறினால் ஒரு பகுதி இரண்டு முறை வரும், ஒரு பகுதி வராமலே போகும். சில வளாகங்கள் தொடர் முழுமையாக இல்லை என்று கழித்துவிடும்.

டேவிஸுக்கு மாறிக்கொள்கிறேன் என்று உங்கள் மகன் சொல்வதன் பின்னால் டேக் என்கிற சேர்க்கை உறுதித் திட்டம் இருக்க வேண்டும். டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த பாடங்களைக் குறித்த ஜிபிஏயோடு (சராசரி மதிப்பெண்) முடிக்கும் கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு இடம் உறுதி என்று எழுதியே தருகின்றன. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் தருவதில்லை. அங்கே போட்டிதான். ஆறில் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் இந்த உறுதியைக் கேட்க முடியும், செப்டம்பர் 1 முதல் 30 வரை. அதைப் போட்டுவிட்டு வழக்கமான விண்ணப்பத்தை மறந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டும். துறை விஷயத்திலும் கண் வைக்க வேண்டும்: சான்டா பார்பராவின் பொறியியல் கல்லூரி இந்த உறுதிக்குள் வராது, கம்ப்யூட்டர் சயின்ஸ் பல வளாகங்களில் வராது, பொறியியல் வரும் இடங்களிலும் மற்றவர்களை விடக் கூடுதல் பாடமும் மதிப்பெண்ணும் கேட்பார்கள். ஒவ்வொரு ஆண்டும் புதுப் பட்டியல் வரும். போன வருஷம் பக்கத்து வீட்டு அக்கா என்ன செய்தார் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஆக, டேவிஸோ இர்வைனோ உறுதிக்கு, பெர்க்லி ஆசைக்கு, சான் ஹோசே ஸ்டேட் வீட்டிலிருந்தே போவதற்கு என்று மூன்றும் சேர்ந்த திட்டமாக இருக்கட்டும். சான் ஹோசே ஸ்டேட்டை நம் வீடுகளில் ஏனோ கடைசியில் சொல்கிறார்கள். அந்தக் கல்லூரியின் பொறியாளர்கள் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நிறுவனங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறார்கள். கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் பொதுக் கல்விக்கட்டணம் 2025-26இல் 6,450 டாலர், வளாகக் கட்டணம் தனி. ஆண்டுக்கு ஆண்டு ஏறிவருகிறது என்றாலும் யூசியில் பாதிதான்.

பெர்க்லியை மட்டும் நினைத்து டி ஆன்சா போகிறேன் என்று அவர் சொன்னால் எனக்குச் சம்மதம் இல்லை. அங்கே பொறியியலுக்கு மாறிப் போவது மிகக் கடினம். கிடைக்காமல் போனால் இரண்டு வருஷம் வீண் என்று அவருக்கே தோன்றிவிடும். டேவிஸ் கிடைத்தாலும் சந்தோஷம், ரிவர்சைடே மறுபடி கிடைத்தாலும் பரவாயில்லை, இரண்டு வருஷச் செலவு மிச்சம் என்று மனம் ஒப்பிப் போனால் தைரியமாக அனுப்புங்கள்.

படிப்பின் தரத்தைப் பற்றி உங்கள் கணவர் கவலைப்பட வேண்டாம். பெரிய பல்கலைக்கழகங்களில் முதலாண்டு கால்குலஸும் இயற்பியலும் நூற்றுக்கணக்கான பேர் உட்காரும் அரங்கில் நடக்கும். சந்தேகம் கேட்பது ஆராய்ச்சி மாணவரிடம். டி ஆன்சாவில் நாற்பது பேர் வகுப்பில் ஆசிரியரே நிற்பார், அவருடைய வேலையே பாடம் நடத்துவதுதான். காலாண்டு முறையின் வேகம் மட்டும் பழக்கமாக வேண்டும். இரண்டாவது வாரமே தேர்வு வரும், மூன்றே மாதத்தில் பாடம் முடிந்துவிடும். இந்த வேகம் பின்னால் கை கொடுக்கும், ஏனென்றால் பெர்க்லியும் மெர்செட்டும் தவிர மற்ற யூசிக்களும் காலாண்டில்தான் ஓடுகின்றன. ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்று முதல் இரண்டு வாரத்தில் தெரிந்தால் விட்டுவிடலாம், பதிவேட்டில் தடம் இருக்காது. அதற்குப் பின் விட்டால் டபிள்யூ (இடையில் விலகியவர்) என்று விழும். டபிள்யூ ஒன்று இருந்தால் குடி முழுகிவிடாது. டி, எஃப் வாங்குவதை விட அது எவ்வளவோ மேல். சரியான தேதியைக் கல்லூரி நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இழப்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. விடுதி வாழ்க்கை இரண்டு வருஷம் கிடைக்காது. முதலாண்டிலிருந்தே ஒன்றாக இருக்கும் நண்பர் கூட்டத்துக்குள் மூன்றாம் ஆண்டில் புதிதாய் நுழைய வேண்டும். இன்டர்ன்ஷிப்புக்குக் கம்பெனிகள் வளாகத்துக்கு வரும் நேரத்தில்தான் உங்கள் மகன் வந்து சேர்ந்திருப்பார். மாறிப் போன முதல் காலாண்டில் மதிப்பெண் கொஞ்சம் சரிவதும் சகஜம். இதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்து போகும் பிள்ளை சமாளித்துக்கொள்ளும்.

வீட்டைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும். நம் குடும்பங்களில் இந்த வழி தவறிப்போவதற்கு வீடும் ஒரு காரணம். வேறு ஊரில் விடுதியில் இருக்கும் பிள்ளையை, படிக்கிறான் என்று போன் செய்யவே யோசிக்கிறோம். வீட்டிலிருந்து போகும் பிள்ளையை, சும்மாதானே இருக்கிறான் என்று தங்கையைப் பாட்டு வகுப்பில் விட்டு வரச் சொல்கிறோம், காஸ்ட்கோவுக்கு அனுப்புகிறோம், விருந்தாளி வந்தால் ஹாலில் வந்து உட்காரச் சொல்கிறோம். அப்பாவுக்கு வேலை இல்லாத வீட்டில் இன்னொன்றும் நடக்கும். பிள்ளை தானாகவே, நானும் சம்பாதிக்கிறேன் என்று வாரம் முப்பது மணி நேர வேலைக்குப் போய்விடும். இயற்பியலும் கால்குலஸும் எடுக்கும் காலாண்டில் அது நடக்கக் கூடாது. கல்லூரிக்குள்ளேயே வாரம் பத்து மணி நேர வேலை கிடைத்தால் போகட்டும், அதற்கு மேல் வேண்டாம். காலை எட்டு மணிக்குக் கிளம்பிப் போய், வகுப்பு இல்லாத நேரத்திலும் நூலகத்திலோ டியூட்டரிங் மையத்திலோ இருந்துவிட்டு சாயங்காலம் திரும்பட்டும். கார் இல்லையென்றால் விடிஏ பஸ்ஸில் போகலாம், சன்னிவேலிலிருந்து தூரம் இல்லை.

மதிப்பெண்ணை நீங்கள் இனிமேல் நேரடியாகப் பார்க்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளி வரை பெற்றோருக்குத் தனி லாகின் இருந்தது. கல்லூரி சேர்ந்த நாளிலிருந்து, பதினெட்டு நிறையாவிட்டாலும், அந்த உரிமை மாணவருடையது. கல்லூரிக்குப் போன் செய்தால் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொரு காலாண்டும் முடிந்ததும் மூவரும் உட்கார்ந்து அந்த நான்கு பட்டியல்களில் எது முடிந்தது, எது பாக்கி என்று பார்ப்பது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தினமும் கேட்க வேண்டாம்.

இதைப் படிக்கும் எச்-4 குடும்பங்களுக்கு, அதாவது பெற்றோரின் எச்-1பி வேலை விசாவைச் சார்ந்த விசாவில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, உங்கள் கணக்கு வேறு. எச்-4இல் இருக்கும் பிள்ளையும் இந்த மாநிலத்தில் வசிப்பதை நிறுவினால் மாநிலவாசிக் கட்டணத்தில் படிக்கலாம், ஆனால் ஃபாஃப்சா உதவி கிடையாது. இருபத்தொரு வயது நிறைந்ததும் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறினால் மாநிலவாசிக் கட்டணம் போய்விடும். இங்கே மூன்று ஆண்டு உயர்நிலைப் பள்ளி படித்தவர்களுக்கான விலக்கும் எஃப்-1இல் இருப்பவருக்கு உதவாது. யூசியில் வெளிமாநில மாணவர் கட்டும் கூடுதல் தொகை மட்டுமே ஆண்டுக்கு 34,000 டாலருக்கு மேல். மாறிச் சேரும் மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோதான் பெரும்பாலும் அந்தப் பிறந்தநாள் வரும். பிள்ளையின் வயதையும் கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தையும் ஒரு குடிவரவு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன், சகோதரி. ரிவர்சைடு மறுபரிசீலனைக்கு எடுத்துக்கொள்ளும் நாட்களில் மே 1 வந்துவிடக்கூடும். பதில் வரத் தாமதமானால், உறுதி செய்யும் தேதியைத் தள்ளித்தர முடியுமா என்று சேர்க்கை அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். டி ஆன்சாவுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, இதனால் ரிவர்சைடு இடம் பாதிக்கப்படவும் செய்யாது. ஆகவே இன்றைக்கே போட்டுவிடலாம். பள்ளியிலேயே கல்லூரி அளவில் எழுதும் ஏபி கால்குலஸ் தேர்வை உங்கள் மகன் எழுதுகிறார் என்றால் மே மாதத் தேர்வை விட்டுவிட வேண்டாம். நல்ல மதிப்பெண் வந்தால் கால்குலஸின் முதல் ஒன்றிரண்டு காலாண்டு மிச்சமாகும், சங்கிலி முழுக்க முன்னால் நகரும். ஆனால் டி ஆன்சா ஏற்கும் மதிப்பெண் வேறு, பொறியியலுக்கு டேவிஸோ பெர்க்லியோ கேட்கும் மதிப்பெண் வேறாக இருக்கலாம். தாண்டிப் போவதற்கு முன் இரண்டையும் பார்க்க வேண்டும்.

புது மாணவருக்குப் பாடம் பதிவு செய்யும் நாள் எப்போது கிடைக்கும் என்பது, அறிமுக வகுப்பையும் படிப்புத் திட்டத்தையும் எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறார் என்பதைப் பொறுத்தது. படிப்புத் திட்டம் போட கவுன்சிலரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போகாமல், அசிஸ்ட் பட்டியல்கள் நான்கையும் அச்செடுத்துக்கொண்டு போகட்டும். பொறியியல் மாணவர்களைத் தெரிந்த கவுன்சிலர் யார் என்று கேட்டு அவரிடமே நேரம் வாங்கட்டும். இலையுதிர்காலத்தில் கால்குலஸும் இயற்பியலும் சீக்கிரம் நிரம்பிவிடும். காத்திருப்போர் பட்டியலில் விழுந்தாலும் பெயரை எடுத்துவிட வேண்டாம், முதல் நாள் வகுப்புக்குப் போய் உட்கார்ந்து ஆசிரியரிடம் கேட்கட்டும். முதல் வாரத்தில் இடம் காலியாகும்.